எண்பத்து நான்கு பச்சை விளக்கு

டப்பா பேசும், நான் பேசக்கூடாது. முப்பது வருடம் மருந்தாளுநராக வேலை பார்த்தவளுக்கு அரசாங்கம் செய்த மரியாதை இது. மாத்திரையை எப்போது விழுங்க வேண்டும், எந்த மருந்தோடு சேரக்கூடாது என்று நோயாளியிடம் சொல்லும் உரிமை டப்பாவுக்கு மட்டும்தான். நான் டப்பாவை எடுத்து நீட்டலாம், கைரேகை வாங்கலாம், "அடுத்தது" என்று கூப்பிடலாம். வாய் தவறி ஒரு யோசனை சொல்லிவிட்டால் மேசையில் பதித்திருக்கும் ஒலிவாங்கி அதை மேலே போட்டுக் கொடுத்துவிடும். இதுவரை பதினோரு மெமோ வாங்கியிருக்கிறேன்.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் நாங்கள்தான் என்பதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் எரிச்சல். எங்களுடையது சாயப்பட்டறை ஊர். காலும் இடுப்பும் நாள் முழுக்க ஈரத்தில் கிடக்கும். வெயில் வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டே போக, படர்தாமரை வராத வீடே இல்லை என்று ஆனது. ஆரம்பத்தில் நல்ல மாத்திரைகள் மூன்று இருந்தன. மூன்றையும் நாங்களே பாழாக்கினோம். அரிப்பு நின்றதும் மாத்திரையை நிறுத்தினோம். மீதியை அண்ணனுக்கும் அண்ணிக்கும் பங்கு போட்டோம். கடையில் கேட்டு வாங்கிய வெள்ளைக் களிம்பைத் தடவித் தடவிப் பூஞ்சையைக் கொழுக்க வைத்தோம். அரைஞாண் கயிற்றில் அது குடியிருக்கிறது, அறுத்துப் போடுங்கள் என்று நான் தொண்டை கிழியக் கத்தியும் ஒருவர் கேட்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று மருந்துக்கும் பூஞ்சை மசியாமல் போனது.

மிஞ்சியது நாலாம் மாத்திரை. இதற்கு மேல் வேறு எதுவும் இல்லை என்பதால் இதைப் பூட்டு டப்பாவில் வைத்துக் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு மாத்திரைக்குள்ளும் தூசி அளவில் ஒரு சில்லு. வயிற்றில் விழுந்ததும் அது தொப்புளுக்குப் பக்கத்தில் ஒட்டிய பட்டைக்குச் சேதி சொல்லும். அந்தப் பட்டை வியர்வையைப் பார்த்துக் கல்லீரல் எப்படி இருக்கிறது என்றும் கவனிக்கும். நன்றாக இருந்தால் பச்சை விளக்கு எரிந்து மறுநாள் மாத்திரைக்கு டப்பா திறக்கும். கொஞ்சம் அசைந்தால் மஞ்சள், எச்சரிக்கை மட்டும். கூடுதலாகப் போனால் சிவப்பு எரிந்து பூட்டிக்கொள்ளும். மருத்துவமனைக்கு வந்து ரத்தம் கொடுத்து, சரி என்றான பிறகுதான் மறுபடி திறக்கும். கடுமையான மருந்து, கல்லீரலைப் பதம் பார்க்கக்கூடியது, அதனால் இந்த ஏற்பாட்டை நான் குறை சொல்லவே மாட்டேன். குறை வேறு இடத்தில் இருந்தது.

ஒருவருக்கு வாழ்நாளில் ஒரே முறைதான் நாலாம் மாத்திரை. எண்பத்து நான்கு நாள். கடைசி நாளில் தோலைச் சுரண்டிப் பார்ப்பார்கள். எல்லா மாத்திரையும் விழுங்கியும் பூஞ்சை உயிரோடு இருந்தால், அது மருந்துக்கு மசியாத பூஞ்சை என்று தீர்ப்பு. சோதனைச்சாலையில் வளர்த்து உறுதி செய்ய இரண்டு மாதம் ஆகும், அதற்கு ஆளும் கிடையாது. கையில் மஞ்சள் அட்டையைக் கொடுத்து 'தனியகம்' என்ற முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள். குறைந்தது இரண்டு வருடம். குழந்தைகளுக்கு உள்ளே அனுமதி இல்லை. ஊரில் அதைக் கொட்டாய் என்பார்கள்.

என் வீட்டுக்காரர் சபரிநாதன் அந்தக் கொட்டாயில்தான் பதினோரு மாதமாக இருக்கிறார். தீனிக்கு உயிரை விடுகிற மனுஷர். எண்பத்து நான்கு நாளும் ஒழுங்காக மாத்திரை விழுங்கியதாக டப்பா சொன்னது. நான் நம்பவில்லை. பட்டையை ஏமாற்ற ஏதோ வழி கண்டுபிடித்துவிட்டார் என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவருடைய மஞ்சள் அட்டைக்குக் கைரேகை வைத்தவளும் நான்தான், அது என் வேலை. அதற்கப்புறம் போய்ப் பார்க்கவில்லை. அந்தக் கதையை இப்போது எடுத்தால் கோபத்தில் சொல்ல வந்தது விட்டுப்போகும்.

ஒரு திங்கட்கிழமை மகிழினி வந்து நின்றாள். முப்பத்து நான்கு வயது, பட்டறையில் நூல் அலசுகிற வேலை. கணவன் விட்டுப்போய் மூன்று வருடம் ஆகிறது. நான்கு வயதில் இளந்தளிர் என்று ஒரு பெண் குழந்தை, அதைப் பார்த்துக்கொள்ள இவளைத் தவிர ஆள் இல்லை. அவளுக்கு அன்று எழுபத்தைந்தாவது நாள்.

"அக்கா, கொஞ்சம் வெளிய வாங்க" என்றாள்.

வெளியே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்தான் நாங்கள் பேசுவது வழக்கம். ஒலிவாங்கிக்கு அவ்வளவு தூரம் எட்டாது. அவள் இடுப்புச் சேலையை விலக்கிக் காட்டினாள். வளையம் வளையமாகச் சிவந்து, ஓரங்களில் புதிதாகப் பொரிந்திருந்தது. எழுபத்தைந்து நாள் மருந்து போன உடம்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

"யாருக்குக் கொடுத்தே மாத்தரைய?" என்று கேட்டேன். அனுபவம் அப்படிக் கேட்க வைக்கிறது.

"யாருக்குங்க்கா குடுக்கப்போறேன்? நானும் என்ற புள்ளையுந்தான் ஊட்டுல."

"வாந்தி எடுத்தியா? நெஞ்சு எரிச்சலுக்கு ஏதாச்சும் மாத்தரை போட்டியா?"

"ஒண்ணுமில்லீங்க. டப்பா கேட்டதுக்கெல்லாம் உண்மையத்தான் சொன்னேன். முழுகாம இருக்கறியான்னு கேட்டுச்சு, இல்லீன்னேன். கீழாநெல்லிகூட அரைச்சுக் குடிக்கக் கூடாதுன்னுச்சு, அதையும் விட்டுட்டேன். ஒரு நாள் தவறலீங்க்கா. எல்லாம் பச்சைதான்." சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஒம்பது நாள்தானுங்க்கா இருக்குது. என்னையக் கொட்டாய்க்கு அனுப்பிட்டா இளந்தளிர யாரு பாத்துக்குவா?" என்றாள்.

உள்ளே போய்த் திரையில் அவள் பதிவை எடுத்தேன். கல்லீரல் கோடு ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேராக இருந்தது. எழுபத்தைந்து நாளும் ஒரு சின்ன மேடு பள்ளம்கூட இல்லை, தொடக்கத்தில் ஒரே ஒரு நாளைத் தவிர. அந்த மாதிரிக் கோட்டை நான் முன்பே பார்த்திருந்தேன். அது சபரிநாதனுடையது.

நான் திரையை முறைத்துக்கொண்டிருந்த நேரத்தில் கனிஷ்க் வந்து சேர்ந்தான். பட்டறையில் கொதிகலன் பார்க்கிற ஆள். கோர்ஸ் முடித்த சான்றிதழ் வாங்க வந்திருந்தான். இரண்டு முறை சிவப்பு எரிந்து, டப்பா பூட்டி, ரத்தம் கொடுத்து, என்னிடம் திட்டு வாங்கி, மறுபடி தொடங்கி, நூறு நாளுக்கு மேல் இழுத்தடித்தவன். அவன் கழுத்தில் முன்பு கைவிரல் வைக்க இடமில்லாமல் படர்ந்திருந்தது. இப்போது தழும்பு மட்டும்தான் இருந்தது.

அவனையும் தொட்டிக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனேன்.

"எந்நேரத்துல மாத்தரை போட்டே?"

"பொழுதோட ஏழு மணிக்குங்க்கா. புரோட்டாக் கடையில ஒக்காந்து, நாலு புரோட்டாவுக்குக் குடல் கறிய ஊத்தித் தின்னுட்டு, அங்கயே போட்டுக்குவேன். ஊட்டுக்குப் போனா மறந்துரும்."

"பத்தியமெல்லாம்?"

"எங்கீங்க்கா. அதுக்குத்தான் ரெண்டு தடவ பூட்டிக்கிச்சு. எங்கம்மா திட்டித் தீத்துட்டாங்க. ஆனா தண்ணியடிக்கலீங்க்கா. டப்பா சொன்ன நாள்லயிருந்து தொடல."

அங்கேயே நின்றுகொண்டிருந்த மகிழினியைப் பார்த்தேன். "நீ எதோட போடறே?"

"கஞ்சியோடதானுங்க. அரிசிக் கஞ்சி, உப்பில்லாம. மத்தியானம் வேகவெச்ச பயறு. எண்ணெய் ஊட்டுக்குள்ளயே வரதில்ல. மொத வாரத்துல ஒரு நாள் பூரி தின்னேன், மறுநாளே மஞ்ச வெளக்கு எரிஞ்சுது. பயந்துபோயிக் கஞ்சிக்கு மாறிட்டேன். அன்னிக்கிருந்து பச்சைதான்."

"பத்தியம் இருக்கச் சொல்லி யாரு சொன்னா?"

அவளுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "யாரும் சொல்லலீங்க்கா. கடுமையான மருந்துன்னா பத்தியம் இருக்கறதுதானுங்களே. அதப் போயி யாராச்சும் சொல்லோணுமா?"

தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டேன். பழைய மாத்திரைகளில் ஒன்று வெறும் வயிற்றில் வேலை செய்யாது, நெய்யோ எண்ணெயோ சேர்த்து நன்றாகச் சாப்பிட்டுவிட்டு விழுங்கச் சொல்வோம் என்பது எப்போதோ படித்த பாடமாக நினைவுக்கு வந்தது. எங்களுக்கு வாய் இருந்த காலத்துப் பாடம்.

சென்னையில் இணை இயக்குநர் ஹரிப்பிரியாவைத் திரையில் பிடிக்க மறுநாள் மத்தியானம் ஆனது. நல்ல அதிகாரி, கேட்டதற்குப் பதில் சொல்வார்.

"மேடம், நாலாம் மாத்திரைய எண்ணெய் சேர்ந்த சாப்பாட்டோடதான் எடுக்கணுமா?"

"ஆமா, நிவேதா. கொழுப்பு இல்லேன்னா அது குடலைத் தாண்டி ரத்தத்துக்குப் போகாது, அப்படியே வெளிய போயிடும். கம்பெனி குறிப்புல முதல் பக்கத்துலயே இருக்கே."

"அந்தக் குறிப்பு எங்களுக்கு வரலீங்க மேடம். டப்பாதான் பேசும்னு சொல்லிட்டீங்க. டப்பா எண்ணெயைப் பத்தி மூச்சு விடல."

அவர் எதையோ தேடினார். முகம் மாறியது.

"டப்பாவோட வசனத்துல அந்த வரி இருந்திருக்கு. அப்புறம் இதய நலத் துறை ஆட்சேபம் பண்ணியிருக்காங்க. அரசாங்கக் கருவி எதுவும் மக்களை நெய், எண்ணெய் சாப்பிடச் சொல்லக்கூடாதுன்னு ஒரு ஆணை இருக்கு. அதனால அந்த வரியை எடுத்துட்டு 'உணவுடன் உட்கொள்ளவும்'னு போட்டிருக்காங்க."

"கஞ்சியும் உணவுதான் மேடம்."

"ஆமா" என்றார்.

"இந்த ஊர்ல டப்பா குடுத்தா மொத வேலையா அடுப்படியில எண்ணெய்ச் சட்டிய எடுத்து உள்ள வெச்சுருவாங்க. மருந்து ரத்தத்துல ஏறலேன்னா கல்லீரல் எதுக்கு அசையும்? அசையாததப் பாத்து உங்க டப்பா பச்சை காட்டுது. ஜனங்க அந்தப் பச்சையப் பாத்து இன்னும் கெட்டியாப் பத்தியம் இருக்காங்க."

"நீங்க சொல்றது புரியுது. ஆனா சான்று வேணும். அந்தப் பொண்ணோட ரத்தத்துல மருந்து எவ்வளவு இருக்குன்னு பார்த்து அனுப்புங்க."

ரத்தம் எடுத்து அனுப்பினோம். மருந்து இல்லை என்று வியாழக்கிழமை முடிவு வந்தது. நான் சந்தோஷப்பட்டேன், முட்டாள். அரை மணி நேரத்தில் கணினி ஒரு அறிவிப்பை அனுப்பியது. விழுங்கியதாகப் பதிவு இருக்கிறது, ரத்தத்தில் மருந்து இல்லை, ஆகவே பட்டையை வேறொருவருக்கு ஒட்டி மாத்திரையைக் கைமாற்றியிருக்கிறார், நோயாளிமீதும் மருந்தாளுநர்மீதும் விசாரணை. மகிழினியின் டப்பா பூட்டிக்கொண்டது. அவள் என் மேசைக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நான் திரையில் ஹரிப்பிரியாவைக் கூப்பிட்டேன். "மேடம், நீங்க பாத்துட்டே இருங்க. பட்டை அவ வயித்துல இருக்கு. உங்க அதிகாரத்துல ஒரே ஒரு மாத்திரைக்குத் திறந்து விடுங்க. என் கண் முன்னால, உங்க கண் முன்னால அவ சாப்பிடட்டும். நாலு மணி நேரம் கழிச்சு மறுபடி ரத்தம் எடுக்கறேன்."

அவர் யோசித்தார். பிறகு டப்பா திறந்தது.

சாப்பாட்டுக்கு எங்கே போவது? என் டிபன் பாக்ஸைத்தான் திறந்தேன். பருப்புச் சாதம், அதன்மேல் இரண்டு கரண்டி நெய், பக்கத்தில் முட்டைப் பொரியல். மகிழினி அதைப் பார்த்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

"சிவப்பு எரிஞ்சுருமுங்க்கா."

"எரிஞ்சா எரியட்டும். அதுக்குத்தான் நான் இங்க ஒக்காந்திருக்கேன். தின்னு."

முதல் கவளத்தை வாயில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் மெல்லாமல் இருந்தாள். "உப்புப் போட்டிருக்குதுங்க்கா" என்றாள். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது, கை பிசைந்துகொண்டே இருந்தது. டிபன் பாக்ஸை வழித்துத் தின்று முடித்ததும் மாத்திரையை விழுங்கினாள். திரையில் ஹரிப்பிரியா பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்கு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் மருந்து இருந்தது.

மறுநாள் காலை மஞ்சள் விளக்கு எரிந்தது. டப்பாவைக் கையில் தூக்கிக்கொண்டு மகிழினி ஓடி வந்தாள். மஞ்சள் விளக்கைப் பார்த்துச் சிரித்த முதல் நோயாளி அவளாகத்தான் இருக்கும். அவள் இதுவரை விழுங்கிய நாள் எதுவும் கணக்கில் சேராது, புதிதாக எண்பத்து நான்கு நாள், விசாரணை ரத்து என்று உத்தரவும் வந்தது. நான் அவளை மேசைக்கு முன்னால் நிறுத்தி, ஒலிவாங்கிக்கு நேராகவே சொன்னேன்.

"இப்பத்தான் நெசமா மருந்து உள்ள போவுது. வயிறு நெறையச் சாப்புட்டுட்டுப் போடு, நெய்யோ எண்ணெயோ இருக்கோணும். வாராவாரம் ரத்தம் குடுக்க வந்துரு. கண்ணு மஞ்சளாச்சு, மூத்தரம் கறுத்துச்சு, சாப்பாடே புடிக்கல, வாந்தி வருதுன்னா அடுத்த மாத்தரையத் தொடாத, நேரா இங்க வா. அரிப்பு நின்னாலும் எண்பத்து நாலு நாள் முடியோணும். யாருக்கும் ஒண்ணுகூடக் குடுக்காத."

பன்னிரண்டாவது மெமோ சாயங்காலத்துக்குள் வந்தது. ஹரிப்பிரியாவின் கடிதமும் கூடவே வந்தது. கோடு நேராக இருந்தும் மஞ்சள் அட்டை வாங்கியவர்கள் எங்கள் ஊரில் எத்தனை பேர் என்று பட்டியல் கேட்டிருந்தார். அவர்களுக்கு இருந்தது மசியாத பூஞ்சை இல்லை, மருந்தே போய்ச் சேராத உடம்பு. அவர்களை வெளியே கொண்டுவந்து மறுபடி மருந்து கொடுக்க வேண்டும்.

நாற்பத்தொரு பேர். நாற்பத்தொரு அட்டைக்கும் கைரேகை என்னுடையது. ஒவ்வொரு பெயராகக் கோட்டைத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தேன். ஊரிலேயே ஒழுக்கமானவர்கள். சொன்ன நேரத்துக்கு விழுங்கியவர்கள், குடிக்காதவர்கள், ஒரு நாள் தவறாதவர்கள். புரோட்டாவோடு விழுங்கியவனெல்லாம் வீட்டில் இருக்க, இவர்களைப் பொறுக்கிப் பொறுக்கிக் கொட்டாய்க்கு அனுப்பியிருந்தேன்.

பதினேழாவது பெயர் சபரிநாதன்.

அந்தக் கஞ்சியை வைத்தவள் நான். எண்பத்து நான்கு நாளும் நானே அரிசியை உடைத்து, உப்பில்லாமல், ஒரு சொட்டு எண்ணெய் படாமல், வேலைக்கு வருவதற்கு முன்னால் அடுப்பில் வைத்து இறக்கினேன். மருந்தாளுநர் வீட்டிலேயே சிவப்பு எரிந்தால் ஊர் என்ன பேசும் என்று பாத்திரத்தைக்கூடத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். பத்தியம் இருக்கச் சொல்லி என்னிடம் யார் சொன்னது? மகிழினியிடம் நான் கேட்ட அதே கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் கொட்டாய்க்குப் போனேன். பழைய நூற்பாலை அது. நடுவில் கம்பி வலை, இந்தப் பக்கம் பெஞ்சு, அந்தப் பக்கம் பெஞ்சு. சபரிநாதன் வந்து உட்கார்ந்தார். பாதி உடம்பாக ஆகியிருந்தார். கை முழுக்க வளையம்.

"மெமோ எத்தனை ஆச்சு?" என்று கேட்டார்.

"பன்னெண்டு" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். டப்பாவின் வரியை எடுத்தது, மகிழினி, நெய்ச் சாதம், நாற்பத்தொரு பேர், இன்னும் பத்து நாளில் வெளியே வரலாம் என்பது வரை. என் கஞ்சியைப் பற்றியும் சொன்னேன். அவர்மீது பழி போட்டதையும் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டேதான் சொன்னேன்.

அவர் கையிலிருந்த வளையத்தைச் சொறிந்துகொண்டார்.

"அன்னிக்கே ஒரு கரண்டி நெய் கேட்டனல்ல. நீ கரண்டியவே புடுங்கிட்டே."

"ஆமா."

"அப்பறமும் கேட்டிருப்பேன். நீ காத்தால எந்திரிச்சதும் மொத வேலையா டப்பாவப் பாப்ப. பச்சை எரிஞ்சா உன்ற மொகத்துல ஒரு சிரிப்பு வரும். எப்பப் பாத்தாலும் எரிஞ்சு விழுகற மூஞ்சி, அந்த ஒரு நிமிசந்தான் சிரிக்கும். அதுக்குத்தான் குடிச்சேன். இல்லீன்னா அந்தக் கஞ்சிய மனுசன் குடிப்பானா?"

பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்து வலைக்குக் கீழே இருந்த சந்தில் தள்ளினேன். ஏசி பஸ்ஸில் வந்த குளிருக்கு நெய் உறைந்து போயிருந்தது. அவர் அதை விரலால் எடுத்து முதலில் நாக்கில் வைத்துக்கொண்டார்.